எட்டாயிரம் ரூபாய்த் தோள்

குரங்கு பையைப் பிடுங்கிக்கொண்டு வேப்பமரத்தில் ஏறிவிட்டது. பையில் சாப்பாட்டுத் தூக்கு மட்டும் இருந்திருந்தால் ரேணுகாம்பாள் அவ்வளவு சத்தம் போட்டிருக்க மாட்டாள்.

"ரேஷன் கார்டுங்க! அதுக்குள்ள ரேஷன் கார்டு இருக்குதுங்க!"

அவள் கணவர் ராஜமாணிக்கம் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த டியூபை அப்படியே போட்டுவிட்டு, காற்றடிக்கும் பம்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். திருவண்ணாமலை செங்கம் சாலையில், ஆசிரமத்துக்குச் சற்றுத் தள்ளி, அவருக்கு ஒரு வாடகை சைக்கிள் கடை. வேங்கிக்காலில் இருக்கும் வீட்டிலிருந்து மனைவி தினமும் பகல் சாப்பாடு கொண்டுவருவாள். அன்றைக்கு வழியில் ரேஷன் கடைக்கும் போய் வந்திருந்தாள். பம்பைப் பார்த்த குரங்கு இன்னொரு கிளை மேலே போய் உட்கார்ந்து, பைக்குள் கையை விட்டு, முதலில் கார்டைத்தான் எடுத்தது. முனையை ஒரு கடி கடித்தும் பார்த்தது.

அப்போதுதான் ஷின்ஜி சைக்கிளை ஓரமாக நிறுத்தினார். முப்பது வயதிருக்கும். ஜப்பான்காரர். சில மாதங்களாக ஆசிரமத்தருகில் ஓர் அறை எடுத்துத் தங்கி, தினமும் தியானத்துக்குப் போய்வருகிறவர். ராஜமாணிக்கத்திடம் மாத வாடகைக்கு எடுத்த சைக்கிளைத் தன் சொந்தச் சைக்கிள்போலத் துடைத்து வைத்துக்கொள்ளுவார். தமிழில் அவருக்குப் பத்திருபது வார்த்தை தெரியும். பெரும்பாலும் காய்கறிப் பெயர்கள்.

அவர் குனிந்து ஒரு கூழாங்கல்லை எடுத்தார். இடது காலை மார்புவரை தூக்கினார். பிறகு என்ன நடந்தது என்று யாரும் சரியாகப் பார்க்கவில்லை. குரங்கின் வாலுக்குப் பக்கத்தில், கிளையில், 'டொக்' என்று ஒரு சத்தம். குரங்கு பதறிப்போய்ப் பை, கார்டு இரண்டையும் போட்டுவிட்டு அடுத்த மரத்துக்குத் தாவியது.

"ஆஞ்சநேயர் மேல படாம எறிஞ்சாரு பாருங்க! அது முக்கியம்" என்று ரேணுகாம்பாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அவளுடைய தம்பி சரவணகுமாருக்கு முக்கியமாகப் பட்டது வேறு. கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். வேங்கிக்கால் கிரிக்கெட் அணியின் கேப்டன். சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்தவன், வாயைத் திறந்தபடி நின்றான். பிறகு ஷின்ஜியைக் கையைப் பிடித்து ஸ்டூலில் உட்காரவைத்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விசாரிக்க ஆரம்பித்தான்.

விசாரித்து முடித்துவிட்டு மாமாவிடம் வந்தபோது அவன் குரலே மாறியிருந்தது.

"மாமா, இவரு பேஸ்பால் ஆடினவராம். பந்து எறியறதுதான் வேலையாம். பதினெட்டு வயசுல அமெரிக்காக்காரன் ஜப்பானுக்கே வந்து, கையெழுத்து வாங்கிக் கூட்டிட்டுப் போனானாம். கையெழுத்துக்கு மட்டும் எவ்ளோ குடுத்தான் தெரியுமா?"

"எவ்ளோ?"

"நம்ம காசுக்கு முப்பத்தஞ்சு லட்சம்."

ராஜமாணிக்கம் கடைக்குள் வரிசையாக நின்ற சைக்கிள்களைப் பார்த்தார். பிறகு ஷின்ஜியின் வலது தோளைப் பார்த்தார். "ஒரு கைக்கா?" என்றார்.

"எறியறானா இல்லியான்னு தெரியறதுக்கு முன்னாடியே குடுப்பாங்களாம் மாமா. பத்து பேர் மேல காசு போட்டா ஒருத்தன் தேறுவானாம்."

"மீதி ஒம்போது பேரு?"

சரவணகுமாருக்கு அது தெரியவில்லை. ஷின்ஜி அதையும் சொல்லியிருந்தார்: ஒன்பது பேரில் தானும் ஒருவன் என்று. தோள் கெட்டுப்போய், இரண்டே வருஷத்தில் திரும்பி வந்துவிட்டேன் என்று. முப்பத்தைந்து லட்சம் காதில் விழுந்த பிறகு சரவணகுமாருக்கு மற்றதெல்லாம் அவ்வளவாக விழவில்லை.

அது இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம், பங்குனி மாதம். அறுவடை முடிந்த வயல்களில் கீழ்பென்னாத்தூரில் டென்னிஸ் பந்து கிரிக்கெட் போட்டி நடக்கும் காலம். நடத்துகிறவர் ரைஸ் மில் பரசுராமன். முதல் பரிசு பதினைந்தாயிரம் ரூபாயும் ஆள் உயரக் கோப்பையும் அவரே கொடுப்பார். அவர் அணியும் ஆடும். ஒவ்வோர் அணியும் வெளியூர் ஆட்டக்காரர் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது விதி. பரசுராமன் வேலூரிலிருந்து கூட்டிவருவார். கோப்பை வருஷா வருஷம் அவருடைய மில்லுக்கே திரும்பிப் போகும். அந்தப் போட்டியில் இன்னொரு வழக்கமும் உண்டு. கையை மடக்கி எறிவதை ஊரில் 'மாங்கா' என்பார்கள். பெரிய ஆட்டங்களில் அதற்கு அனுமதி இல்லை. கீழ்பென்னாத்தூரில் யாரும் கேட்க மாட்டார்கள்.

"மாமா, மாங்காவுக்கே பொறந்த கை இது. விடக் கூடாது" என்றான் சரவணகுமார்.

ஷின்ஜி ஒரே ஒரு நிபந்தனைதான் சொன்னார். தோள் பழைய மாதிரி இல்லை, கொஞ்சம்தான் எறிய முடியும்.

"ஒரு ஆளுக்கு ஒரு மேட்சுல ரெண்டு ஓவர்தான் மாமா. நம்ம ரூலே அதான்" என்று சரவணகுமார் சந்தோஷமாகச் சொன்னான். ஒரே நாளில் மூன்று மேட்ச் என்பதைக் கூட்டிப் பார்க்க இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

பணம் வேண்டாம் என்றுதான் ஷின்ஜி சொன்னார். ராஜமாணிக்கம் ஒத்துக்கொள்ளவில்லை. மேளக்காரரானாலும் சமையல்காரரானாலும், தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, மேலே அட்வான்ஸ் வைத்துக் கொடுத்தால்தான் அவர் நம்முடைய ஆள். இரண்டாயிரம் கொடுக்கலாம் என்று நினைத்திருந்தார். மறுநாள் காலையில் கடைக்குப் போன் வந்தது. பரசுராமன். இரண்டு பேரும் கீழ்பென்னாத்தூரில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள்.

"டேய் ராஜமாணிக்கம், ஒரு ஜப்பான்காரன் கொரங்குகிட்ட இருந்து ரேஷன் கார்டு வாங்கிக் குடுத்தானாமே?"

"யார்ரா சொன்னது?"

"மூட்டை ஏத்தியாந்த வேன்காரன் சொன்னான். நேத்து சாயங்காலமே அந்த ஆள் ரூமுக்குப் போயிட்டு வந்துட்டேன். நாலாயிரம்னு சொல்லியிருக்கேன்."

"அவரு இன்னா சொன்னாரு?"

"டீ குடுத்தாரு. பச்சையா இருந்துச்சு. குடிச்சிட்டேன். காரியம் ஆவணுமே."

அன்றிலிருந்து மூன்று நாள் ஏலம் நடந்தது. ராஜமாணிக்கம் ஐந்து என்றார். பரசுராமன் ஆறு என்றார். ஷின்ஜி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. யார் அறைக்கு வந்தாலும் டீ கொடுத்தார். பரசுராமன் ஏழு என்று சொன்ன சாயங்காலம் ராஜமாணிக்கம் வீட்டுக்குப் போய், பூஜை அலமாரியைப் பார்த்தபடி நின்றார்.

அலமாரியில் மஞ்சள் துணியில் முடிந்து எட்டாயிரம் ரூபாய் இருந்தது. ரேணுகாம்பாள் சீட்டு கட்டி எடுத்தது. வருஷா வருஷம் சித்ரா பௌர்ணமியன்று, கிரிவலப் பாதையில் குபேர லிங்கத்துக்கு இந்தப்பக்கம், அவர்கள் பந்தல் போட்டு வருகிறவர்களுக்குச் சாம்பார் சாதமும் மோரும் கொடுப்பார்கள். கல்யாணமாகி ரொம்ப நாள் குழந்தையில்லாமல் இருந்து, மகள் அபிநயா பிறந்த வருஷம் வேண்டிக்கொண்டது. வெயிலில் மலையைச் சுற்றி வந்து, கால் கொப்பளித்து, பசியோடு நிற்கிறவனுக்கு ஒரு தொன்னை சோறு. அதைவிடப் பெரிய பூஜை ரேணுகாம்பாளுக்குத் தெரியாது. அவளுக்கு நெடுநாளாக ஓர் ஆசை மட்டும் மிச்சமிருந்தது: ஒரு வருஷமாவது நெய்யும் முந்திரியும் போட்டுச் சர்க்கரைப் பொங்கலும் கொடுக்கவேண்டும்.

ராஜமாணிக்கம் அந்த இடத்தைத்தான் தொட்டார்.

"எட்டு போட்டா பதினஞ்சு வரும். சர்க்கரைப் பொங்கல் அண்டா நெறைய போடலாம்."

"வரலன்னா?"

"அந்தக் கையை நீயே பார்த்தியே."

"சாமி காசுங்க அது."

"சாமி காரியத்துக்குத்தானே கேக்கறேன்?"

நல்ல காரியத்துக்காக என்று சொல்லிக்கொண்டு வருகிற ஆசையை வாசலிலேயே நிறுத்துவது கஷ்டம். ரேணுகாம்பாளாலும் முடியவில்லை. "எனக்குச் சொல்லத் தெரியல. பூக்கட்டிப் பார்த்துடலாம்" என்றாள்.

மறுநாள் காலை கோயிலுக்குப் போனார்கள். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். இரண்டும் ஒன்றுபோலத் தாளில் மடித்து, சன்னிதியில் போட்டார்கள். 'அந்த ஜப்பான்காரரைக் கூட்டிட்டு வரலாமா, சாமி?' என்று ரேணுகாம்பாள் கண்ணை மூடி மனசுக்குள் கேட்டாள். யாரோ ஒருவருடைய சின்னக் குழந்தை வந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தது. வெள்ளை. சம்மதம்.

அன்று சாயங்காலமே தட்டு போனது. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், தேங்காய், மேலே கவரில் எட்டாயிரம். ஷின்ஜி தயங்கினார். ஆனால் இரண்டு கையால் நீட்டப்படுவதை மறுப்பது அவர் ஊரில் மரியாதை இல்லை. அவரும் இரண்டு கையாலும் வாங்கி, கோயிலில் பழகியபடி தலையில் தொட்டுக்கொண்டார். பரசுராமனுக்கு விஷயம் தெரிந்தபோது, "எட்டா! பைத்தியக்காரன்டா நீ" என்று போனில் சிரித்தார். அடுத்த நிமிஷமே, "ஒம்போது சொல்லியிருப்பேன், கொஞ்சம் முந்திக்கிட்ட" என்றும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை. கீழ்பென்னாத்தூரில் ஏரிக்குக் கீழே, ரோலர் விட்ட வயலைச் சுற்றி ஜனம். டிராக்டர் மேல் மைக் கட்டி, காசி என்பவர் வர்ணனை செய்துகொண்டிருந்தார்.

"அடுத்து பந்து வீச வருபவர், கடல் கடந்து ஜப்பான் நாட்டிலிருந்து வருகை தந்திருக்கும் அண்ணன் ஷின்ஜி அவர்கள்! இவருடைய சம்பளத்தை மைக்கில் சொல்லக் கூடாதுன்னு கமிட்டி சொல்லியிருக்கு. சொன்னா நாளைக்கு மில்லுல யாரும் வேலைக்கு வர மாட்டாங்களாம்!"

ஷின்ஜி அவருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, காலைத் தூக்கினார்.

முதல் மேட்சில் இரண்டே ஓவரில் நாலு விக்கெட். பந்து வருவதற்குள் மட்டை பாதியில்கூட இறங்கவில்லை. ஒருவன் அவுட் ஆனதும் கோபப்படாமல், "எப்படி வந்துச்சு, சொல்லிட்டுப் போங்கண்ணா" என்று நடுமைதானத்தில் நின்று கேட்டான். இரண்டாவது மேட்சிலும் அதேதான். மதியத்துக்குமேல் ஜனம் இரண்டு மடங்கானது. "ஜப்பானு! ஜப்பானு!" என்று கூப்பாடு. ராஜமாணிக்கம் வரப்பில் உட்கார்ந்து, மனசுக்குள் முந்திரி வாங்கிக்கொண்டிருந்தார்.

இறுதி ஆட்டம் பரசுராமன் அணியோடு. வேங்கிக்கால் முதலில் ஆடி எழுபத்திரண்டு எடுத்தது. அடுத்து ஆடிய கீழ்பென்னாத்தூரின் வேலூர்க்காரர்கள் இருவரும் நன்றாகவே அடித்தார்கள். ஷின்ஜி நடுவில் ஒரு ஓவர் எறிந்து ஒரு விக்கெட் எடுத்தார். அவருக்கு மீதியிருந்த ஓவரைச் சரவணகுமார் கடைசிக்கு என்று பத்திரப்படுத்தினான். ஒன்பதாவது ஓவர் முடிந்தபோது, கடைசி ஓவரில் பரசுராமன் அணிக்கு ஒன்பது ரன் வேண்டியிருந்தது. ஷின்ஜி எறிந்தால் ஒன்பது நடக்காது என்று மைதானத்துக்கே தெரியும். பரசுராமன் நாற்காலியை விட்டு எழுந்து நகம் கடித்துக்கொண்டிருந்தார்.

ஓவர் மாறும் இடைவெளியில் ரேணுகாம்பாள் ஆடுகிற பிள்ளைகளுக்கு மோர் கொண்டுபோனாள். ஷின்ஜியிடம் டம்ளரை நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு குனிந்து நன்றி சொன்னார். அவள் திரும்பி வரும்போது நடை மெதுவாகிவிட்டது.

"என்னங்க" என்றாள் கணவரிடம். "இத்தனை நாள்ல அவரு எதையாவது ஒரு கையால வாங்கி நீங்க பார்த்திருக்கீங்களா?"

"ஏன்?"

"இப்ப இடது கையால வாங்கினாரு. அது தப்புன்னு அவருக்குத் தெரியும். வலது கை மேல வரலீங்க."

ராஜமாணிக்கம் எழுந்து மைதானத்துக்குள் போனார். ஷின்ஜி பந்தை இடது கையில் வைத்துக்கொண்டு சிரித்தபடி நின்றார். முகம் மட்டும் வெளுத்திருந்தது.

"வலிக்குதா?" என்று தன் தோளைத் தொட்டுக் காட்டிக் கேட்டார் ராஜமாணிக்கம்.

"இல்லை, இல்லை. நல்லா இருக்கு."

"கையைத் தூக்குங்க பார்ப்போம்."

ஷின்ஜி தூக்கினார். மார்புக்கு மேல் போகவில்லை. இருந்தும், "ஆறு பந்து. முடியும்" என்று விரலைக் காட்டினார்.

முடியும் என்று ராஜமாணிக்கத்துக்கும் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஆறு பந்து எறிந்துவிடுவார். கோப்பை வரும். பதினைந்தாயிரம் வரும். பந்தல் வரும், பொங்கல் வரும். இல்லாவிட்டால் இந்த வருஷம் பந்தலே இல்லை. இன்னும் மூன்று வாரத்தில் சித்ரா பௌர்ணமி. சீட்டு இனிமேல் ஆடியில்தான் விழும்.

"சரவணா" என்றார். "நீ போடு."

"இன்னா மாமா விளையாடறீங்க?"

"இவரு போதும். நீ போடு."

"மாமா, எட்டாயிரம்!"

"தெரியும். குடுத்தவனே நான்தான்."

"அன்னதானம் மாமா! அக்காகிட்ட கேட்டீங்களா?"

"உங்க அக்காதான் அனுப்பிச்சா." அவர் ஷின்ஜியின் கையிலிருந்து பந்தை மெதுவாக வாங்கினார். "ஒருத்தரை வலிக்க வலிக்க எறிய வெச்சு, அதுல வர்ற சோத்தை யாருக்குடா போடறது? யாரு வயித்துல ஒட்டும்?"

ஷின்ஜிக்கு வார்த்தை புரிந்திருக்காது. புரியவேண்டியது புரிந்தது. அவர், "நான் எறியறேன்" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். ராஜமாணிக்கம் தன் துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அவர் தோளில் போட்டு, வரப்புக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தார்.

சரவணகுமார் நன்றாகத்தான் போட்டான். நாலு பந்துவரை மூன்றே ரன். ஐந்தாவது பந்தை வேலூர்க்காரன் ஏரிக்கரைக்கு மேலே அடித்தான். ஜனம் வயலுக்குள் பாய்ந்தது. "கோப்பை இந்த வருஷமும் நம்ம ஊரை விட்டுப் போக மாட்டேன்னு அடம் பிடிக்குது!" என்று காசி மைக்கில் கத்தினார்.

திரும்பும் வேனில், ஷின்ஜியை அவர் அறையில் இறக்கிவிட்ட பிறகுதான் சரவணகுமார் வாயைத் திறந்தான்.

"வெள்ளைப் பூ வந்துச்சேக்கா. சாமியே இப்படிப் பண்ணா?"

"நாம இன்னா கேட்டோம்? கூட்டிட்டு வரலாமான்னு கேட்டோம். வரலாம்னு சொல்லிச்சு. ஜெயிப்போமான்னு யாருடா கேட்டா?"

"அதையும் சேர்த்துக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா சிவப்பு வந்திருக்கும். நீ அப்பவும் வேற கோயிலுக்குப் போயிருப்ப."

வேன் டிரைவர் சிரித்துவிட்டார். பிறகு எல்லோருமே சிரித்தார்கள். தோற்றுவிட்டு வருகிற வேனில் அப்படிச் சிரிப்பு வந்தது, ராஜமாணிக்கத்துக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆனாலும் வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் பூஜை அலமாரிப் பக்கம் பார்க்கவில்லை.

மறுநாள் கடை திறந்ததுமே, சரவணகுமார் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது, ஷின்ஜி வந்தார். தோளில் கட்டு. ஸ்டூலில் உட்காராமல், இடது கையில் கவரைப் பிடித்து, வலது கையைச் சிரமப்பட்டுச் சேர்த்து, குனிந்து நீட்டினார். எட்டாயிரமும் அப்படியே இருந்தது.

ராஜமாணிக்கம் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"தட்டுல வெச்சுக் குடுத்ததுங்க. திரும்ப வாங்கினா எங்க குடும்பத்துக்கு ஆவாது. சரவணா, சொல்லுடா."

சரவணகுமார் சொன்னான். ஷின்ஜி இன்னும் தாழக் குனிந்தார். பதிலுக்கு ராஜமாணிக்கமும் குனிந்தார். சைக்கிள் எடுக்க வந்த இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள், இது ஏதோ ஊர் வழக்கம் என்று நினைத்துத் தாங்களும் குனிந்தார்கள். கவரைச் சைக்கிள் சீட்டில் வைத்துவிட்டு ஷின்ஜி விறுவிறுவென்று நடந்தார். சரவணகுமார் எடுத்துக்கொண்டு ஓடி அவர் சட்டைப் பையில் செருகினான். அவர் திரும்பி வந்து பம்புக்கு அடியில் வைத்தார்.

கடைசியில் அவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். அப்போது அவர் மெதுவாகப் பேசினார். சரவணகுமார் இந்தத் தடவை எதையும் விடாமல் சொன்னான்.

அமெரிக்க அணிக்காக அவரைத் தேடி வந்தவர் ஒரு வயதான மனிதர். ஷின்ஜியின் வீட்டுக்குப் பலமுறை வந்து, அம்மா கையால் சாப்பிட்டவர். 'இவன்மேல் பணம் போடுங்கள், நான் பொறுப்பு' என்று முதலாளிகளிடம் சொன்னவர் அவர்தான். அங்கே போன முதல் வருஷமே ஷின்ஜிக்குத் தோள் வலித்தது. சொல்லவில்லை. இவ்வளவு பணம் வாங்கிவிட்டு எப்படிச் சொல்வது என்று மறைத்து எறிந்தார். யாரும் கேட்கவும் இல்லை. தோள் போயிற்று. அந்த மனிதருக்கு வேலையும் போயிற்று.

"நேத்தும் சொல்லக் கூடாதுன்னு இருந்தாராம் மாமா" என்றான் சரவணகுமார். "பந்தைக் கையில இருந்து வாங்கின முதல் ஆள் நீங்கதானாம்."

ராஜமாணிக்கம் டம்ளரை ஷின்ஜியின் பக்கம் நகர்த்தினார். "டீ ஆறிடும், குடிக்கச் சொல்லு" என்றார்.

பகல் சாப்பாட்டோடு ரேணுகாம்பாள் வந்தபோது கவர் இன்னும் பம்புக்கு அடியிலேயே இருந்தது. நடந்ததைக் கேட்டாள். கொஞ்சம் யோசித்தாள்.

"நாம வாங்கக் கூடாது, சரி. அவராலயும் வெச்சுக்க முடியல, சரி. அவரு பந்தல் போடட்டும். நாம வேலைக்குப் போவோம்."

"யாரு, இவரா?" என்றார் ராஜமாணிக்கம். "நம்ம வேண்டுதல் ரேணுகா. பேனர்ல நம்ம பேரு..."

"மலையைச் சுத்திட்டு வர்றவங்க பேனரையா சாப்பிடறாங்க?"

'உபயம்: ராஜமாணிக்கம் குடும்பத்தார்' என்று மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்தில் வருஷா வருஷம் கட்டுகிற பேனர் அது. பந்தலில் நின்று அதை ஓரக்கண்ணால் பார்க்கிற சுகம் ராஜமாணிக்கத்துக்கு மட்டும் தெரியும். மனைவிக்கும் தெரியும் என்பது இப்போதுதான் தெரிந்தது. "சரி" என்றார். சொல்லி முடித்ததும் அது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

ஷின்ஜி உடனே ஒத்துக்கொண்டார். தன் பெயர் எங்கேயும் எழுதக் கூடாது என்பது மட்டும்தான் அவர் கேட்டது.

அந்த வாரமே பரசுராமன் கடை வாசலில் வேனை நிறுத்தி இரண்டு மூட்டை அரிசியை இறக்கினார்.

"இன்னாடா இது?"

"சித்ரா பௌர்ணமிக்கு. பச்சரிசி ஒரு மூட்டை, பொங்கலுக்கு. வெல்லமும் நெய்யும் வெள்ளிக்கிழமை வருது."

"உனக்கு எதுக்குடா இதெல்லாம்?"

"என் காசு, என் டீமு, என் கோப்பை. திரும்பி என்கிட்டயே வந்து நிக்குது. மில்லுல வைக்க எடமில்ல." அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "நீ பந்தை வாங்கினதை நான் பார்த்துக்கிட்டுதான்டா இருந்தேன். ஆறு பந்து எறிஞ்சிருந்தா நான் தோத்திருப்பேன். அன்னிலேருந்து அந்தக் கோப்பையைப் பார்த்தா சந்தோஷமே வரல. என் பேரையும் போட்டுத் தொலைக்காதே."

சித்ரா பௌர்ணமியன்று மத்தியானத்திலேயே கிரிவலப் பாதை நிரம்பிவிட்டது. குபேர லிங்கத்துக்கு இந்தப்பக்கம் தென்னங்கீற்றுப் பந்தலில் அண்டாக்களில் ஆவி பறந்தது. ரேணுகாம்பாள் சர்க்கரைப் பொங்கலை முதலில் மலையைப் பார்த்துக் காட்டிவிட்டு, பிறகு கரண்டியைப் போட்டாள். முந்திரி தாராளமாக இருந்தது. யாராவது தொன்னையை நீட்டும்போது, முந்திரி வருகிறதா என்று பார்த்துப் பார்த்துப் போட்டாள். சரவணகுமாரும் அவன் அணியும் மோர் ஊற்றினார்கள். ஷின்ஜிக்கு வலது கை இன்னும் சரியாகவில்லை. இடது கையால் தண்ணீர்க் குடத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தார். பரசுராமன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு எச்சில் தொன்னைகளைக் கூடையில் அள்ளினார்.

வெயில் தாழும் நேரம். விழுப்புரம் பக்கத்திலிருந்து நடந்தே வந்ததாகச் சொன்ன ஒரு பெரியவர் சாதம் வாங்கிக்கொண்டு, பந்தலை அண்ணாந்து பார்த்தார். பெயர் எதுவும் இல்லை.

"யாருப்பா உபயம்? நல்லா இருக்கணும்னு சொல்லிட்டுப் போறேன்."

ராஜமாணிக்கம் ஷின்ஜியைக் காட்டினார். ஷின்ஜி அவசரமாகத் தலையை ஆட்டி, ராஜமாணிக்கத்தைக் காட்டினார். சரவணகுமார் பரசுராமனைக் காட்டினான். பரசுராமன் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் நழுவினார்.

பெரியவர் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"சரி, சொல்லலன்னா போங்க" என்று தொன்னையை மறுபடி நீட்டினார். "இதுல இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்துங்க. எல்லாருமே நல்லா இருங்க."

ராஜமாணிக்கம் ஊற்றினார். அதற்குள் பின்னாலிருந்து இன்னொரு கை தொன்னையை நீட்டியது.